பச்சைப் பிள்ளையைத் துணியில் சுற்றுவது: கை அடங்கட்டும், கால் ஆடட்டும்

போடி, கம்பம் பக்கத்துக் கிராமங்களில் சுகாதார நர்ஸாக வீடு வீடாக ஏறி இறங்கியவள் நான். பிரசவம் முடிந்து வந்த பச்சை உடம்புக்காரியைப் பார்க்கப் போனால், ஏதாவது ஒரு வீட்டில் இந்த வழக்கு என் தலையில் விழும். அப்பத்தா பிள்ளையைக் கழுத்திலிருந்து பாதம் வரை இறுக்கிச் சுற்றி, மேலே ஒரு நாடாவையும் போட்டுக் கட்டி வைத்திருப்பார். "கட்டாம விட்டா கால் வளைஞ்சு போயிரும்ல, நீங்களே சொல்லுங்க நர்சம்மா" என்பார். தாய் செல்போனில் பார்த்த முறையைக் காட்டுவாள். "இந்த வெக்கையில துணியே எதுக்கு?" என்று ஊரிலிருந்து வந்த அம்மாச்சி கேட்பார். மூன்று பேர் பேச்சிலும் நியாயம் உண்டு. ஆனால் துணி சுற்றுவது கைக்காகத்தான், காலுக்காக இல்லை என்பதை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

பிள்ளை நன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கும். குக்கர் விசில் அடிக்கும், அல்லது நீங்கள் மடியிலிருந்து பாயில் இறக்குவீர்கள். உடனே இரண்டு கையையும் விரித்து, விரலைப் பரப்பி, எதையோ கட்டிப் பிடிப்பதுபோல இழுத்துக்கொண்டு வீலென்று அழும். "பயந்திருச்சு" என்று திருநீறு பூசுவார்கள். பூசிவிட்டுப் போகட்டும், குற்றமில்லை. ஆனால் அது பயமல்ல. பிறந்த எல்லாப் பிள்ளைக்கும் இருக்கிற அனிச்சைச் செயல். எர்ன்ஸ்ட் மோரோ என்ற குழந்தை மருத்துவர் 1918-ல் எழுதி வைத்ததால் மோரோ அனிச்சை என்றே பெயர். திடுக்கிடாத பிள்ளையைப் பார்த்தால்தான் டாக்டர் கவலைப்படுவார். மூன்று, நான்கு மாதத்தில் இது மெல்ல மங்கிவிடும். தன் கையே தன்னை எழுப்பிவிடாமல் இருக்கத்தான் துணி.

எந்தத் துணி

பழைய வேட்டிக்கு மிஞ்சியது எதுவும் இல்லை. பலமுறை துவைத்து, கஞ்சி முழுக்கப் போய், கையில் எடுத்தால் வழுக்கி விழுகிற பருத்தி வேட்டி. நாலு முழ வேட்டியைக் குறுக்கே பாதியாக வெட்டினால் ஒரு மீட்டருக்கு ஒட்டிய இரண்டு துண்டு கிடைக்கும். பிறந்த பிள்ளைக்கு அந்த அளவு போதும். முதலில் புதுத்துணி போடாமல் பழந்துணியில் கிடத்துகிற நம் வழக்கம் எனக்குப் பிடித்த வழக்கம். புது வேட்டிதான் இருக்கிறது என்றால் நாலைந்து முறை அலசி வெயிலில் காயப்போட்ட பிறகு எடுங்கள். வாசனை திரவம் ஊற்றி அலச வேண்டாம்.

வெட்டும்போது கரையைக் கட்டாயம் நீக்கிவிடுங்கள். ஜரிகை குத்தும். அதைவிடப் பெரிய கவலை நூல். கிழித்த ஓரத்திலிருந்து பிரிகிற ஒற்றை நூல் பிள்ளையின் கால்விரலைச் சுற்றிக்கொண்டால், உதைக்க உதைக்க இறுகும். விரல் வீங்கிச் சிவந்து, நூல் சதைக்குள் புதைந்து கண்ணுக்கே தெரியாது. காரணம் புரியாமல் பிள்ளை அழுதுகொண்டே இருக்கும். தாயின் உதிர்ந்த தலைமுடியும் இதே வேலையைச் செய்யும்; பிரசவத்துக்குப் பிறகு முடி கொட்டுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதனால் ஓரத்தை மடித்துத் தையல் போடுங்கள். பிள்ளையைச் சுற்றுமுன் துணியை ஒருமுறை உதறுங்கள். அவிழ்க்கும்போது பத்துக் கால்விரலையும் ஒரு பார்வை பாருங்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் பிரசவித்தவர்களுக்கு 2015 முதல் கொடுக்கப்பட்ட அம்மா குழந்தை நலப் பரிசுப் பெட்டகத்தில் துண்டும் உண்டு. அது குளிப்பாட்டித் துவட்ட நல்லது. சுற்றித் தூங்கவைக்க டர்க்கித் துண்டு சரிப்படாது. தடிப்பாக இருப்பதால் மடிப்பு நிற்காது, சூடும் ஏறும். சீரில் வருகிற தொப்பி வைத்த கம்பளிப் போர்வை மேகமலையில் இருப்பவர்களுக்கு உதவும். தேனிச் சமவெளியில் சித்திரையில் அதைச் சுற்றினால் பிள்ளை வெந்து போகும். கடையில் விற்கிற ஒட்டுப்பட்டை வைத்த ரெடிமேட் உறை பிள்ளையின் எடைக்குச் சரியான அளவில் இருந்தால் பயன்படுத்தலாம், தப்பில்லை. உள்ளே மணிகள் தைத்துக் கனமாக்கிய உறை மட்டும் வேண்டவே வேண்டாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியும் 2022-ல் அதைத் தவிர்க்கச் சொல்லிவிட்டது. நெஞ்சின் மேல் பாரம் ஏற்றிவிட்டு மூச்சு விடு என்றால் எப்படி?

சுற்றும் முறை

கட்டிலை விடத் தரையில் விரித்த பாய் நல்லது. நீங்கள் திரும்பி ஏதாவது எடுத்தாலும் விழுகிற பயம் இல்லை. பால் குடித்து, ஏப்பம் விட்டு, கோவணத்துணி மாற்றிய பிறகுதான் இந்த வேலை. பசியில் அழுகிற பிள்ளையைச் சுற்றி அடக்கப் பார்க்காதீர்கள்.

துணியின் ஒரு முனை மேலே வருகிற மாதிரி விரியுங்கள். அந்த மேல் முனையை ஒரு சாண் அளவுக்கு உள்பக்கமாக மடியுங்கள். மடித்த விளிம்பு பிள்ளையின் தோளுக்கு நேராக வரும்படி மல்லாக்கக் கிடத்துங்கள். தோளுக்கு நேராக என்றால் தோளுக்கு நேராகத்தான். காது வரை ஏறக் கூடாது. துணி கன்னத்தில் உரசினால் முலைக்காம்பு என்று நினைத்துப் பிள்ளை வாயைத் திறந்துகொண்டு அந்தப் பக்கம் திரும்பித் தேடும். தூங்கவும் தூங்காது, துணி வாய்க்குள்ளும் போகும்.

உங்களுக்கு இடப்பக்கம் இருக்கிற பிள்ளையின் கையை முழங்கையில் மடக்கி, நெஞ்சின் மேல் வையுங்கள். கையை விறைப்பாகக் கீழே நீட்டி வைக்கச் சொல்கிறவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வயிற்றுக்குள் இருந்தபோது முகத்துக்குப் பக்கத்தில் மடங்கிக் கிடந்த கை அது. மடக்கி வைத்தால் பிள்ளை சீக்கிரம் அடங்குவதைக் கண்ணால் பார்க்கலாம்.

இப்போது இடப்பக்க முனையை எடுத்து, அந்தக் கையை மூடி, நெஞ்சின் குறுக்கே கொண்டுபோய், மறுபக்க அக்குளுக்குக் கீழே நுழைத்து முதுகுக்குப் பின்னால் செருகுங்கள். மறு கை இன்னும் வெளியே இருக்கும். துணியை இழுத்துப் பிடிக்க வேண்டிய இடம் இது ஒன்றுதான், அதுவும் தோளிலிருந்து முழங்கை வரைக்கும்தான். இங்கே தளர்த்தியாக விட்டால் அரைமணி நேரத்தில் கை வெளியே வந்து, துணி முகத்தில் ஏறிவிடும். தளர்ந்த துணி, இறுகிய துணியைவிட ஆபத்து.

அடுத்து கீழ் முனை. அதை மேலே தூக்கி, வயிற்றுப் பக்கம் தொளதொளவென்று விடுங்கள். இழுக்காதீர்கள். பாதத்துக்கும் துணிக்கும் நடுவில் பிள்ளை காலை ஆட்டுகிற இடம் இருக்கட்டும். தொப்புள் கொடி இன்னும் விழவில்லை என்றால் ஈரமான கோவணத்துணி அதன் மேல் ஏறாமல் கீழே மடித்துவிட்டிருக்கிறதா என்று இந்த இடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கொடி காய்ந்து கிடக்க வேண்டும், அதற்கு மஞ்சளும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம்.

கடைசியாக மறு கையையும் மடக்கி நெஞ்சில் வைத்து, வலப்பக்க முனையைக் குறுக்கே கொண்டுவந்து முதுகுக்குப் பின்னால் செருகிவிடுங்கள். பிள்ளையின் எடையே அதைப் பிடித்துக்கொள்ளும். ஊக்கு குத்தாதீர்கள். நாடாவும் அரைஞாண் கயிறும் போட்டுக் கட்டுகிற வேலை அறவே வேண்டாம்.

முடிந்ததும் இரண்டு சோதனை. உங்கள் இரண்டு விரல் துணிக்கும் பிள்ளையின் நெஞ்சுக்கும் நடுவில் படுக்கையாகப் போக வேண்டும். பிறகு பொட்டலத்தின் கீழ்ப்பாதியை உள்ளங்கையில் ஏந்திப் பாருங்கள். உள்ளே முழங்கால் மடங்கி, தொடை இரண்டு பக்கமும் விரிந்து, உங்கள் கையை உதைக்க வேண்டும். உதை வரவில்லை, கால் இரண்டும் குச்சியாக ஒட்டிக் கிடக்கிறது என்றால் அவிழ்த்துவிட்டு மறுபடி சுற்றுங்கள்.

கால் வளைந்துவிடாதா?

அப்பத்தாக்களின் முக்கியமான கேள்வி. பிறக்கும்போது எல்லாப் பிள்ளைக்கும் கால் கொஞ்சம் வளைந்துதான் இருக்கும், கருப்பையில் மடங்கிக் கிடந்ததால். நடக்கப் பழகி, இரண்டு வயதுக்குள் பெரும்பாலும் அதுவாகவே நேராகிவிடும். துணியால் கட்டி நிமிர்த்த முடியாது. கட்டினால் கெடப் போவது இடுப்பு.

தொடை எலும்பின் உருண்டைத் தலை, இடுப்புக் குழியில் கிண்ணத்தில் வைத்த நெல்லிக்காய் மாதிரி உட்கார்ந்திருக்கும். பச்சைப் பிள்ளைக்கு அந்தக் கிண்ணம் இன்னும் பெரும்பாலும் குருத்தெலும்புதான். முழங்கால் மடங்கி, தொடை விரிந்திருந்தால் தலை குழியின் நடுவில் உட்காரும், குழியும் அதைச் சுற்றி வட்டமாக வளரும். காலை நேராக நீட்டி, இரண்டையும் ஒட்டிக் கட்டினால் தலை குழியின் ஓரத்துக்குத் தள்ளப்படும். நாள் கணக்கில் அப்படியே கிடந்தால் மூட்டு விலகிவிடலாம். ஜப்பானில் பிள்ளைகளின் காலை நீட்டி வைத்துச் சுற்றுகிற பழக்கம் இருந்தது. 1970-களின் நடுவில் அதை விடச் சொல்லி நாடு முழுக்கப் பிரச்சாரம் செய்தார்கள். இடுப்பு விலகிய பிள்ளைகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துபோனது. நம் ஊரில் பிள்ளையை இடுப்பில் கால் விரித்து உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு போகிறோமே, இடுப்பு மூட்டுக்கு அதைவிட நல்ல வைத்தியம் இல்லை.

பெண் பிள்ளை, தலைச்சன் பிள்ளை, வயிற்றில் கால் கீழாக இருந்த பிள்ளை, குடும்பத்தில் யாருக்காவது இடுப்பு விலகல் இருந்த பிள்ளை என்றால் இந்த விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். துணி மாற்றும்போது ஒரு தொடை மட்டும் விரிய மறுத்தாலோ, ஒரு கால் குட்டையாகத் தெரிந்தாலோ, தொடை மடிப்பு இரண்டு பக்கமும் ஒருபோல் இல்லாவிட்டாலோ டாக்டரிடம் காட்டிவிடுங்கள். முதல் சில மாதத்திலேயே கண்டுபிடித்தால் பட்டை போட்டே சரிசெய்வார்கள். நடக்கும்போது நொண்டுவதைப் பார்த்துக் கண்டுபிடித்தால் அறுவைச் சிகிச்சை வரை போக வேண்டியிருக்கும்.

சூடும் குளிரும்

எங்கள் பக்கம் ஆனி, ஆடியில் கம்பம் பள்ளத்தாக்கில் காற்று பிய்த்துக்கொண்டு போகும். சித்திரையில் ஓட்டு வீட்டுக்குள் உட்கார முடியாது. இரண்டுக்கும் ஒரே சுற்று என்றால் எப்படி? வெயில் காலத்தில் கோவணத்துணியும் மேலே ஒற்றை வேட்டித் துண்டும் போதும், ஃபேன் ஓடலாம், நேராக முகத்தில் அடிக்காமல் இருந்தால் சரி. மார்கழியில் உள்ளே ஒரு சட்டை போட்டுச் சுற்றுங்கள். வீட்டுக்குள் தூங்கும்போது தொப்பி வேண்டாம்.

சூடு சரியாக இருக்கிறதா என்று பார்க்க நர்ஸ்களுக்குச் சொல்லித்தருகிற முறை சுலபமானது. உங்கள் புறங்கையால் முதலில் பிள்ளையின் வயிறு, பிறகு பாதம். இரண்டும் இதமாக இருந்தால் நல்லது. வயிறு இதமாகவும் பாதம் சில்லென்றும் இருந்தால் குளிர் பிடிக்க ஆரம்பித்திருக்கிறது. வயிறே சில்லென்று இருந்தால் அது அவசரம். கழுத்துப் பின்பக்கம் வியர்த்திருந்தால், முகம் சிவந்திருந்தால், வேர்க்குரு போட்டிருந்தால் சூடு அதிகம். ஒரு துணியைக் குறையுங்கள்.

குளிர்ந்த பிள்ளையைத் துணி சூடாக்காது. இருக்கிற சூட்டைக் காப்பாற்ற மட்டும்தான் அதற்குத் தெரியும். சூட்டைத் தருவது உடம்பு. பிள்ளையை வெறும் உடம்போடு தாயின் நெஞ்சில் ஒட்டிவைத்து, மேலே ஒரு துணி மூடினால் போதும். 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரத்தில் எட்கர் ரே என்ற டாக்டர், இன்குபேட்டர் பற்றாமல் போனபோது எடை குறைந்த பிள்ளைகளுக்கு இதைத்தான் செய்யத் தொடங்கினார். இன்று கங்காரு பராமரிப்பு என்று அரசு ஆஸ்பத்திரிகளில் செய்கிறார்கள். இரண்டரைக் கிலோவுக்குக் குறைவான பிள்ளை என்றால் அழகாகச் சுற்றி வைப்பதைவிட நெஞ்சில் போட்டுக்கொள்வதுதான் முதல் வேலை. அப்பாவின் நெஞ்சிலும் போடலாம். வெட்கப்படுகிற அப்பாக்களை நான் விடுவதில்லை.

பாலும் தூக்கமும்

சுற்றிய பிள்ளை அதிகம் தூங்கும். அதுவே சில சமயம் சங்கடம். பசி வந்தால் பிள்ளை முதலில் கையைத்தான் வாய்க்குக் கொண்டுபோகும், அழுகை அதற்கப்புறம்தான். கை துணிக்குள் இருந்தால் அந்தச் சைகை உங்களுக்குத் தெரியாது. முதல் வாரங்களில் இரண்டு, மூன்று மணிக்கொரு தரம் அவிழ்த்துப் பால் கொடுங்கள். கண்ணோ உடம்போ மஞ்சளாகத் தெரிகிற பிள்ளை என்றால் தூங்கட்டும் என்று விட்டுவிடவே கூடாது. பால் கொடுக்கும்போது துணி வேண்டாம். வெறும் கை உங்கள் மார்பில் தடவிக்கொண்டு குடிக்கட்டும். பகலில் விழித்திருக்கும் நேரம் முழுக்கத் துணி இல்லாமல் கை கால் ஆட்டி விளையாடட்டும்.

சுற்றிய பிள்ளை மல்லாக்க மட்டும்தான் படுக்க வேண்டும். குப்புறப் போட்டால் முகத்தைத் திருப்பவோ, கையை ஊன்றவோ அதனால் முடியாது. கடுகுத் தலையணை, பக்கத்தில் உருட்டி வைத்த துணி எதுவும் வேண்டாம், பாய் சமமாக இருந்தால் போதும்.

தொட்டில் விஷயத்தில் எனக்கும் மாமியார்களுக்கும் நிறைய வாக்குவாதம் நடந்திருக்கிறது. சேலைத் தொட்டிலில் பிள்ளையின் முதுகு வளைந்து, முகவாய் நெஞ்சில் இடிக்கும். கை கால் சுதந்திரமாக இருந்தால் பிள்ளை அசைந்து கொடுக்கும். சுற்றி வைத்துத் தொட்டிலில் போட்டால் அசைய வழியில்லை. மூச்சுக்குழல் மடங்கிப் போகலாம், சேலை முகத்தில் ஒட்டலாம். சுற்றினால் பாயில் போடுங்கள். தொட்டிலில் போட்டால் சுற்றாதீர்கள், பக்கத்திலேயே ஆள் இருங்கள். இந்த அளவுக்கு ஒத்துக்கொண்ட வீடுகளே அதிகம்.

இன்னொன்று. எவ்வளவு சமாதானம் செய்தும் பிள்ளை அழுதுகொண்டே இருந்தால் "உரம் விழுந்திருச்சு" என்று சேலையில் போட்டு இரண்டு பேர் பிடித்து உருட்டுவது இன்னும் நடக்கிறது. கழுத்து நிற்காத பிள்ளையை உருட்டாதீர்கள். அவிழ்த்துப் பாருங்கள்: கால்விரலில் நூல், ஈரத்துணி, எறும்பு, பசி, சூடு. எதுவும் இல்லையா, ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பால் குடிக்க மறுப்பது, துவண்டு கிடப்பது, உடம்பு சுடுவது அல்லது சில்லிடுவது, உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் ஏறுவது, நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு வாங்குவது, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். துணி முழுக்கச் சுற்றியிருந்தால் நெஞ்சு தெரியாது. அதனால் மூச்சை எண்ணும்போது அவிழ்த்துவிட்டுத்தான் எண்ண வேண்டும்.

ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப்பில் மலை ஏறுகிற பெண்கள் சிலர் கைப்பிள்ளையோடும் போவார்கள். காற்றுக்குப் பயந்து முகத்தையும் முந்தானையால் மூடிவிடுவார்கள். உடம்பை மூடுங்கள், காதை மூடுங்கள். மூக்கும் வாயும் உங்கள் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கட்டும்.

எப்போது நிறுத்துவது

பிள்ளை ஒருக்களிக்க முயற்சி செய்கிற அன்றைக்கே. சில பிள்ளை இரண்டு மாதத்திலேயே இடுப்பைத் திருப்பிப் பார்க்கும். சிலது மூன்று தாண்டும். சுற்றிய நிலையில் குப்புற விழுந்துவிட்டால் திரும்ப வழியில்லை. நாள் கணக்கை நினைவு வைக்கத் தடுப்பூசி அட்டை இருக்கிறது. ஒன்றரை மாத ஊசிக்கு வரும்போது ஒரு கையை வெளியே விட்டுச் சுற்றப் பழக்குங்கள். முதல் இரண்டு ராத்திரி கொஞ்சம் முழித்து அழும், பொறுத்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு கையும் வெளியே, துணி நெஞ்சைச் சுற்றி மட்டும். அப்புறம் அதுவும் இல்லை. 10 வார ஊசிக்கு வரும்போது துணியே இல்லாமல் தூங்கப் பழகியிருக்க வேண்டும்.

ஊசி போட்ட அன்றைக்கு உடம்பு சுடலாம், தொடையில் வலி இருக்கும். அன்றைக்கு எந்த வயதுப் பிள்ளையானாலும் சுற்றாதீர்கள், லேசான சட்டை போட்டுவிட்டு நர்ஸ் சொன்ன அளவில் காய்ச்சல் மருந்து கொடுத்து, அடிக்கடி பால் கொடுங்கள்.